பீடோர் கேம்பர்வேன் வாடகை: பிரேக்கை நம்பலாம், படுக்கையைப் பார்த்து எடுங்கள்

செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்குப் பிரேக்கும் கிளட்சும் பார்த்துக்கொண்டிருந்த பேராக் மாநிலத்துப் பீடோர் பட்டறை ஒன்று இப்போது, உள்ளேயே சமைத்துப் படுத்துத் தங்கும் இரண்டு கேம்பர்வேன்களை வாடகைக்கு விடுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளும் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட தம்பதிகள், கேமரன் மலையில் மூன்று நான்கு நாள் தங்கிவர இதைக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்காகவே இந்த விமர்சனம்.

மலை ஏறி இறங்க இந்த வண்டிகளைத் தாராளமாக நம்பலாம். ஆனால் உள்ளே இருப்பதை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. லோரி பார்த்த கை என்பதால் டயர், பிரேக், எஞ்சின் எல்லாம் கச்சிதம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை மூன்றும் மட்டும் இளவட்டங்கள் கடற்கரைக்கு ஒரு ராத்திரி போய்வர அமைத்த மாதிரி இருக்கின்றன. அறுபதைத் தாண்டியவர்கள் சாவி வாங்குவதற்கு முன் சில மாற்றங்களைக் கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். அவர்களாக எடுத்துச் சொல்வதில்லை.

இரண்டும் டொயோட்டா ஹையேஸ், உயரக் கூரை, டீசல், ஐந்து கியர் மேனுவல். பச்சை வண்டி பழையது, ஒரு நாளைக்கு 350 ரிங்கிட். வெள்ளை வண்டி பிறகு கட்டியது, 430 ரிங்கிட். இரண்டுக்கும் முன்பணம் 1,000. நாளுக்கு 200 கிலோமீட்டர் வரை கணக்கில்லை. பீடோரிலிருந்து தாப்பா வழியாகத் தானா ராத்தா சுமார் 75 கிலோமீட்டர்தான். மூன்று நாள் சுற்றினாலும் 250-ஐத் தாண்டுவது அபூர்வம். மலையில் லிட்டருக்கு 8, 9 கிலோமீட்டர் கொடுக்கும், ஆக 30 லிட்டர் டீசல் போதும். தாப்பாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

டி லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம். ஆட்டோ மட்டும் ஓட்டும் டிஏ லைசென்ஸ் இந்த வண்டிக்குச் செல்லாது. மாமாவுக்குக் கால் வலி வந்தால் அத்தை ஓட்டிக்கொள்வார் என்று திட்டம் போடுகிறவர்கள் அத்தையின் லைசென்ஸை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

முதலில் பிரேக். வண்டியைக் கொடுக்கும்போது தவுக்கே (முதலாளி) ஒரு பழைய கணக்கு நோட்டைத் திறந்து காட்டுகிறார். பிரேக் எண்ணெய் மாற்றிய தேதி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் முன் பேட்டின் தடிமன், பின் ஷூவின் தடிமன், டயர் வாங்கிய மாதம் எல்லாம் பேனாவில் எழுதியிருக்கிறது. வேறெந்த வாடகைக் கடையிலும் இதைப் பார்ப்பது கஷ்டம். மலைச் சாலைக்கு இந்த நோட்டுதான் உயிர். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 வகை எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழசான பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் இந்தச் சூட்டை எட்டுவது சுலபம். எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால், மிதிக்கும்போது ஆவிதான் நசுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இந்தக் கடையில் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகிறார்கள். நல்ல பழக்கம்.

எண்ணெய் புதிதாக இருந்தாலும் ஓட்டுகிறவர் ஒத்துழைக்க வேண்டும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். தாப்பா சாலையின் கூர்மையான வளைவுகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவது கியர். காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டிருக்காமல், வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கருகிய வாடை வந்தால் அடுத்த சமமான ஒதுங்குமிடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரில் போட்டு, இருபது நிமிஷம் ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். சூடான டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும், பிறகு வண்டி நகராது. டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, வளைந்துவிடும். கட்டை இரண்டு பின்கதவின் உள்பக்கம் இருக்கிறது. நல்ல கனமான ரப்பர், லோரிக்கு வைப்பது.

டயரில் ஒரு சின்னக் குறை. பச்சை வண்டியின் பின் டயரில் காற்று குறைவாகவே இருக்கிறது, ஆள் உட்காரும்போது மெத்தென்று இருக்க வேண்டுமாம். தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சாமான் எல்லாம் பின்னால் இருக்கும் வண்டிக்கு இது சரியில்லை. வளைவில் பின்பக்கம் நீந்தும், டயரின் பக்கச்சுவர் சூடாகும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பாரம் ஏற்றிய கணக்கு என்னவோ அதற்கு ஏற்றச் சொல்லுங்கள். டயர் எப்போது செய்தது என்பதையும் பார்க்கலாம். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

இனி உள்ளே போவோம். பச்சை வண்டியில் படுக்கை குறுக்காக இருக்கிறது. ஹையேஸின் வெளி அகலமே 1.88 மீட்டர். உள்பலகை அடித்த பிறகு படுக்க மிஞ்சுவது 1.7 மீட்டருக்கும் குறைவு. ஐந்தரை அடிக்கு மேலிருப்பவர் ராத்திரி முழுக்க முழங்காலை மடக்கித்தான் கிடக்க வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, கண்ணாடி ஓரம் படுத்தவர் ராத்திரி எழுந்து போக இன்னொருவரைத் தாண்ட வேண்டும். இரவில் இரண்டு மூன்று தடவை எழும் வயதில் இது விளையாட்டல்ல. படுக்கையின் உயரம் தரையிலிருந்து 78 சென்டிமீட்டர், அடியில் சாமான் வைக்க உயர்த்திவிட்டார்கள். உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு 45-லிருந்து 50 சென்டிமீட்டர்தான் எழுந்திருக்க வாகான உயரம்.

வெள்ளை வண்டியில் இரண்டு பக்கமும் நீளவாட்டில் ஒற்றைப் படுக்கை, நடுவில் ஓர் ஆள் நடக்கிற வழி, உயரம் 50. யாரும் யாரையும் தாண்ட வேண்டாம். கடை கூடுதலாகக் கேட்கும் 80 ரிங்கிட்டை ஓய்வு பெற்றவர்கள் இதற்காகவே கொடுக்கலாம். வெள்ளை வண்டிக்குத் தேதி கிடைக்கவில்லை என்றால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள், பச்சையை எடுக்காதீர்கள். கதவருகே கால் வைக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி தரச் சொல்லுங்கள். சரியும் கதவின் படி தரையிலிருந்து எட்டாத உயரம், மழையில் வழுக்கும்.

மெத்தை விஷயத்தில் இரண்டு வண்டிக்கும் ஒரே பிரச்சினை. கேமரனில் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். மூடிய வண்டிக்குள் இரண்டு பேர் விடும் மூச்சு குளிர்ந்த தகரத்திலும் கண்ணாடியிலும் பட்டு நீராக வழியும். காலையில் கண்ணாடியைத் துடைத்த துணியைப் பிழிந்தால் சொட்டும். மெத்தை தட்டைப் பலகையின் மேல் நேராகக் கிடப்பதால் அந்த ஈரம் அடியில் தங்கி, பச்சை வண்டியின் மெத்தையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. வெள்ளையில் இன்னும் வரவில்லை, விட்டால் வரும். இரண்டு எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வலையை இழுத்துவிட்டுப் படுங்கள். காலையில் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். குளிருகிறது என்று ஜன்னலை அடைத்து அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு வண்டியிலும் அதற்கான அலாரம் இல்லை. கடையின் ஆகப் பெரிய குறை இதுதான். வாங்கி மாட்டும்வரை நீங்களே ஒன்றைக் கொண்டுபோங்கள், பேட்டரியில் ஓடுகிற சின்னது கிடைக்கிறது.

மின்சாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வெள்ளை வண்டியில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, கூரையில் 200 வாட் சூரியத் தகடு, 1,000 வாட் இன்வெர்ட்டர். பேட்டரியில் இருப்பது சுமார் 1,280 வாட்-மணி. ஒரு நாள் செலவு: 40 லிட்டர் ஐஸ்பெட்டிக்கு 300, விளக்கும் கைப்பேசியும் 60, கூரை விசிறி 100, சின்ன 400 வாட் சோற்றுப்பானை அரை மணி நேரத்துக்கு 200. தூக்கத்தில் மூச்சு அடைபடாமலிருக்க சிபேப் மெஷின் போடுபவர் இருந்தால், அதன் சூட்டுத்தண்ணீர்ப் பகுதியை அணைத்துவிட்டாலும் எட்டு மணிக்கு இன்னும் 320. மொத்தம் 980. பீடோர் வெயிலில் 200 வாட் தகடு நன்றாகக் கொடுக்கும். மலையில் மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும், 350 கிடைத்தால் பெரிது. ஆக இரண்டாவது ராத்திரி பேட்டரி காலியாகும்.

ஓடும்போது எஞ்சினிலிருந்து 20 ஆம்பியர் ஏறுகிறது, ஒரு மணி நேரம் ஓட்டினால் 250 வாட்-மணி. தாப்பாவிலிருந்து ஏறும் இரண்டு மணி நேரத்தில் 500 சேர்ந்துவிடும். மேலே போன பிறகு தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் போகும் பத்து நிமிஷ ஓட்டத்தில் ஒன்றும் சேராது. அதனால் மூன்று நாள் தங்குபவர்கள் ஒரு ராத்திரியாவது கரண்டு இழுக்க இடம் உள்ள முகாமில் நிறுத்துங்கள். வயர் சுருளை முழுவதும் பிரித்துவிட்டுத்தான் சொருக வேண்டும். சுற்றிய நிலையில் பாரம் இழுத்தால் உள்சுற்று சூடாகி உருகும். கடை கொடுக்கும் வயர் 20 மீட்டர், மெலிசு. தண்ணீர்க் கெண்டியை அதில் போடாதீர்கள். இன்வெர்ட்டரிலும் போட முடியாது, 1,500 வாட் கெண்டி சொருகிய மறு நொடியே அது அலறி அணைந்துவிடும்.

பச்சை வண்டியில் ஈய பேட்டரி. எழுதியிருப்பது அதே 100 என்றாலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும், கைக்கு வருவது சுமார் 600. சிபேப் போடுபவருக்கு அது ஒரு ராத்திரிக்கே இழுபறி.

இன்சுலின் எடுப்பவர்களுக்கு இந்த ஐஸ்பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2-லிருந்து 8 டிகிரி வேண்டும், உறைந்துவிட்டால் வீண். இந்தப் பெட்டியின் அடித்தட்டில், சுவரோடு ஒட்டிய மூலை உறைகிறது. முகப்பில் 4 என்று காட்டும்போதே அங்கே வைத்த தண்ணீர் போத்தல் கட்டியாகிவிடுகிறது. மருந்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துணி சுற்றி, மேல்கூடையின் நடுவில், ஒரு தெர்மாமீட்டரோடு வையுங்கள்.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன், நம் வீட்டுச் சமையலுக்கு இங்கேதான் ஆபத்து. கடை கொடுப்பது கேஸ் தோங் (சிலிண்டர்) இல்லை, பக்கத்தில் டின் சொருகும் சின்ன அடுப்பு. டின்னில் 250 கிராமுக்குள்தான் பியூட்டேன் இருக்கும், முழுத்தீயில் ஒன்றரை மணி நேரம் வரும். இந்த அடுப்புக்கு அகலமான பாத்திரம் ஆகாது. தோசைக்கல்லை ஏற்றினால் அதன் விளிம்பு டின் இருக்கும் மூடிக்கு மேலே நீண்டு நிற்கும். கல் சூட்டை அப்படியே கீழே தள்ளும், டின் சூடாகி வெடிக்கும். இரண்டு அடுப்பை ஒட்டவைத்து ஒரே பெரிய கல்லைப் போடுவதும் அதே கதை. மூடியின் மேல் கை வைத்தால் சுட்டால் உடனே அணையுங்கள். தோசைதான் வேண்டுமென்றால் அடுப்பு வளையத்தைத் தாண்டாத சின்ன நான்ஸ்டிக் சட்டி கொண்டுபோங்கள். விடிகாலைக் குளிரில் தீ சுருங்குவது டின் தீர்ந்ததால் அல்ல. உள்ளே திரவம் ஆவியாகும்போது டின் தன்னையே குளிர வைத்துக்கொள்ளும். ராத்திரி டின்னைப் படுக்கைப் பக்கம் உள்ளே வைத்திருந்தால் போதும். வெந்நீரிலோ தீயிலோ காட்டாதீர்கள்.

தானா ராத்தா கடல்மட்டத்துக்குச் சுமார் 1,440 மீட்டர் மேலே. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும், கேஸ்தான் தீரும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், கடை தருவதில்லை. அதன் அடியும் அடுப்பு வளையத்துக்குள் அடங்க வேண்டும். தாளிப்பை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகு எண்ணெயோடு தெறித்த கறை துணி உறையிலிருந்து போகாது, அதற்கு 100 ரிங்கிட் பிடித்துக்கொள்கிறார்கள். பேப்பரில் எழுதியிருக்கிறது, நியாயம்தான்.

கழிப்பறை என்பது படுக்கைக்கு அடியில் இழுத்து எடுக்கும் பெட்டி, கீழ்த்தொட்டி 20 லிட்டர். இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும் என்று கடையில் சொல்கிறார்கள். காகிதத்தால் துடைப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். தண்ணீரால் கழுவும் நமக்குப் பொருந்தாது. கழுவும் தண்ணீர் மட்டுமே ஒவ்வொரு தடவையும் அரை லிட்டருக்குக் குறையாமல் சேரும். இரண்டு பெரியவர்கள், இருவருமாக நாளைக்குப் பன்னிரண்டு தடவை என்றால் கழுவும் தண்ணீரே 6 லிட்டர், மற்றதும் சேர்ந்தால் சுமார் இரண்டு நாளில் நிரம்பிவிடும். நிரம்பிய தொட்டி 20 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு பொதுக் கழிப்பறையின் படி ஏற முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். குண்டிப் போத்தல் என்று நாம் சொல்லும், அழுத்தினால் பீய்ச்சும் 300 மில்லி போத்தல் வைத்துக்கொண்டால் தண்ணீர் பாதியாகும். முடிந்தவரை பகலில் வெளிக் கழிப்பறைகளைப் பயன்படுத்தி, வண்டியில் உள்ளதை ராத்திரிக்கு மட்டும் வையுங்கள். பாதி நிரம்பியதுமே கொட்டிவிடுங்கள். கொட்டும்போது காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே சாய்த்தால்தான் களக் களக்கென்று தெறிக்காமல் இறங்கும். கழிப்பறைக் கிண்ணத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். சாலையோரச் சாக்கடையில் கொட்டினால் அது ஆற்றுக்குத்தான் போகும், கீழே இருப்பவர்கள் அந்த ஆற்றை நம்பியிருக்கிறார்கள்.

எங்கே நிறுத்துவது? கடையில் கையால் வரைந்த ஒரு வரைபடம் தருகிறார்கள். அதில் குறித்திருக்கும் நான்கு இடங்களில் ஒன்றை அடித்துவிடுங்கள், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டியது. ரிங்லெட் ஏரியின் சுல்தான் அபு பக்கார் அணைக்குக் கீழே இருக்கிற இடம் அது. 2013 அக்டோபர் 23 அன்று அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு அந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. பகலில் பார்க்க அழகான புல்தரைதான். ராத்திரி தூக்கத்தில் அபாயச் சங்கு ஊதினால், ஜன்னல் மறைப்பைக் கழற்றி, ஜாக்கியை இறக்கி, வண்டியைக் கிளப்ப நேரம் இருக்காது.

வெட்டிய மலைச்சரிவின் அடியிலும் நிறுத்த வேண்டாம். 2022 டிசம்பர் 16 விடிகாலையில் பத்தாங் காலியில் முகாம் ஒன்றின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். சரிவில் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது, தாரில் புதிய விரிசல், மழை நின்ற பிறகும் மண்ணிலிருந்து கலங்கிய நீர் கசிவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் வண்டியை எடுத்துவிடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் இந்தப் பயணமே வேண்டாம். தானா ராத்தா பட்டணத்துக்குள் சமமான இடம் கிடைத்தால் அதுவே மேல். சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனையும் அங்கேதான். வண்டி சற்றுச் சாய்ந்து நின்றால் தலைமாடு உயரமாக இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்குத் தாப்பா சாலை, இறங்குவதற்குச் சிம்பாங் பூலாய் சாலை நல்லது. தாப்பா பக்கம் குறுகல், வளைவு அதிகம், காலையில் தெளிவாக இருக்கும்போது ஏறிவிடலாம். சிம்பாங் பூலாய் பக்கம் அகலம், வளைவும் அகலம். ஆனால் இறக்கம் நீளம், மேலே சொன்ன கியர் விதியை மறக்கக் கூடாது. திங்கள் முதல் வியாழன் வரை எடுங்கள். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிரிஞ்சாங்குக்கும் கியா பார்முக்கும் நடுவே மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போகும் தேயிலைத் தோட்டச் சாலைக்கு இந்த வண்டியைக் கொண்டுபோகாதீர்கள், எதிரே ஜீப் வந்தால் ஒதுங்க இடமில்லை.

கையெழுத்துப் போடுமுன் இன்சூரன்ஸ் தாளில் இரண்டு விஷயம் பாருங்கள். வெள்ளம், மண்சரிவுக்கான கூடுதல் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா? சாதாரண முழுக் காப்பீட்டில் அது தானாக வராது. வெள்ளை வண்டிக்கு இருக்கிறது, பச்சைக்கு இல்லை. அடுத்தது, வண்டிக் கிரானில் (பதிவுச் சான்றில்) உள்ளே செய்த மாற்றங்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் ஒப்புதலோடு பதிவாகியிருக்கிறதா என்று நகல் கேளுங்கள். கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள், ஒழுங்காக இருந்தது. விபத்தானால் முதல் 3,000 ரிங்கிட் நம் பொறுப்பு. வயது உச்சவரம்பு 70.

திருப்பிக் கொடுக்கும்போது டீசல் நிரப்பி, கழிப்பறைத் தொட்டியைக் கழுவி, பிற்பகல் மூன்று மணிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு போமன் (மெக்கானிக்) சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பார்க்கிறார், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும். பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அந்த நோட்டில் எழுதிய பிறகுதான் முன்பணம் திரும்பி வருகிறது. கூடவே நின்று பாருங்கள், நீங்கள் எப்படி இறங்கினீர்கள் என்பதை அவர் அந்தத் தடிமனை வைத்தே சொல்லிவிடுவார்.